தூங்கவிட்டு நடத்திய பாடம்

அப்போது கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் ஒற்றை வாத்தியார். ஓர் அறை, நான்கு வகுப்புகள். பாடம் நடத்துவதைப் பற்றிப் பேச எனக்கு வாய்த்த ஒரே பெரிய மனிதர், சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிக்குள் இருந்தார். எதைச் சொன்னாலும் தலையாட்டுவார்.

பிள்ளைகள் விடிந்ததும் ரப்பர் பால் எடுக்கப் போய்விட்டு, விரலில் ஒட்டுப்பாலோடு பதினொரு மணிக்கு வருவார்கள். வந்ததும் தூங்குவார்கள். பிரம்பை ஓங்கிப் பார்த்தேன். எனக்குத்தான் தோள் வலித்தது. ஒருநாள் அரை மணி நேரம் தூங்கவிட்டு, பிறகு வாசிக்கச் சொன்னேன். தடுமாற்றம் குறைந்திருந்தது. மூன்று மாதம் நோட்டில் குறித்துவைத்தேன்: யார் எவ்வளவு தூங்கினார்கள், எழுந்து எத்தனை வரி வாசித்தார்கள். ஆராய்ச்சி முழுமை பெற நானும் இரண்டு நாள் தூங்கிப் பார்த்தேன். நல்ல பலன்.

அதைக் கட்டுரையாக்கி, பிரிக்ஃபீல்ட்ஸில் அச்சாகும் ஆசிரியர்களின் மாத இதழுக்கு அனுப்பினேன். பெயர் போட வேண்டாம் என்று கெஞ்சியிருந்தேன். சம்பளம் தருவது தோட்டம். விஷயம் துரைக்குத் தெரிந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். 'ஓர் ஆசிரியர்' என்று வெளிவந்தது. எங்கோ இன்னொரு வாத்தியார் படித்து ஒரு வரி எழுத மாட்டாரா என்று தபால் வரும் நாளெல்லாம் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் ஆபீஸ் வாசலில் நின்றேன். பெயரில்லாதவனுக்கு யார் கடிதம் போடுவார்கள் என்பது உறைக்க இரண்டு மாதம் ஆயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி அச்சகத்துக்கே போனேன். பத்திரிகைக்காரர் புது இதழை நீட்டினார்.

"வாங்க தூங்குமூஞ்சி வாத்தியாரே! உங்களுக்கு ஒருத்தர் பதில் எழுதியிருக்காரு, பாருங்க."

'உங்கள் முறையைச் செய்து பார்த்தேன். இரண்டாம் வகுப்பு எழுந்திருக்கவே இல்லை. நீங்கள் எப்படி எழுப்புகிறீர்கள்? இப்படிக்கு, மற்றோர் ஆசிரியர்.'

மூன்று முறை படித்தேன். "யாருண்ணே இவரு? எந்தத் தோட்டம்?"

"அவரும் பேரு வெளிய தெரியக் கூடாதுன்னுட்டாரு. உங்களப் பத்தியும் கேட்டாரு, நான் வாயே தொறக்கல. நீங்க பேரச் சொன்னா அவரும் சொல்றாராம். சொல்லிடவா?"

'சரி' நாக்கு நுனிவரை வந்தது. கூடவே துரையின் தொப்பியும் கண்முன் வந்தது.

"வேணாம்ணே. எங்க கிராணிக்குக் காது நீளம்."

"அட! எழுதினதுல பயமே தெரியலையே?"

"அது பேரில்லாதவன் எழுதினதுண்ணே."

திரும்பும் ரயிலில் பதில் எழுதினேன்: மணி அடிக்காதீர்கள், ஒரு பிள்ளையை மட்டும் எழுப்புங்கள், மற்றவர்களை அது பார்த்துக்கொள்ளும். கீழே, பழையபடி 'ஓர் ஆசிரியர்'.

மறுநாள் பிள்ளைகள் தூங்கினார்கள். நான் தூங்கவில்லை. எங்கோ இன்னோர் அறையில் ஒருவர் இதேபோல உட்கார்ந்து, எழுப்ப வழி தெரியாமல் முழித்துக்கொண்டிருப்பார். என் பதில் அச்சாகி அவர் கைக்குப் போக இன்னும் ஒரு மாதம் இருந்தது.