கடைசிவரை இழுத்த சீட் பெல்ட்

அப்போது எனக்கு ஏழாம் மாதம். பிறக்கும் குழந்தையைச் சொந்தக் காரில்தான் மேனாம்பேட்டு வீட்டுக்கு அழைத்து வர வேண்டும் என்று எங்களுக்கு ஆசை. பூந்தமல்லியில் பெரியவர் ஒருவர் தன் பழைய காரை விற்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம்.

வெளியே என் கணவர் விலை பேச, நான் காருக்குள்ளே ஏசியில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவர்கள் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. மடியில் குழந்தை தூங்குவது போலவும், சாலையோர மரங்கள் மெதுவாக நகர்வது போலவும் இருந்தது.

பெரியவர் கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். "பாரு நைனா, தங்கச்சிக்கு வண்டி புடிச்சுப்போச்சு. இன்னும் இன்னா யோசிச்சுகினு கீற? அஞ்சாயிரம் கொறைச்சுக்கறேன், எடுத்துக்கோ" என்றார். கணவர் அட்வான்ஸ் கொடுக்கப் பையைத் திறந்தார்.

அந்த மயக்கத்திலேயே, என் வயிற்றுக்குப் போதுமா என்று சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். உள்ளிருந்த ஒரு முழம், சேறு காய்ந்து பழுப்பாக வந்தது.

"என்னங்க, இங்க பாருங்க!"

பெரியவர் தலைகுனிந்தார். "போன மழையில தண்ணில நின்னுச்சும்மா. அப்பால கழுவிட்டேன்."

வெள்ளத்தில் நின்ற வண்டி வேண்டாம் என்று கணவர் பையை மூடினார். அன்று வருத்தத்தோடு ஆட்டோவில் திரும்பினோம். மகளும் ஆட்டோவில்தான் வீட்டுக்கு வந்தாள். இப்போதும் கார் பார்க்கிறோம். எல்லா பெல்ட்டையும் கடைசிவரை இழுத்துப் பார்த்த பிறகுதான் சாய்ந்து கண்ணை மூடுகிறேன்.