வில்லோ தோட்டத்தில் இலை கூட்டினோம்

அமீரகத்தில், புஜைராவுக்கு வெளியே, மலையடிவாரத்தில் ஒரு வில்லோ தோட்டத்துக்கு நான் சூப்பர்வைசராக இருந்தேன். கிரிக்கெட் மட்டை செய்வார்களே, அந்த மர இனம். எங்களுடையது மட்டைக்கல்ல, எரிக்க. தரையை ஒட்டி வெட்டினால் மறுபடி தழைக்கும். தழைத்ததை வெட்டிப் பாய்லரில் போட்டு மின்சாரம் எடுப்பது திட்டம். சுத்திகரித்த சாக்கடைத் தண்ணீர்தான் பாசனம்.

அதற்கு முன் அஜ்மானில் ரோட்டோரப் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். விவசாயம் படித்துவிட்டுப் புல்லுக்குக் காவல்! அதனால் இந்த வேலை கிடைத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை. இரண்டாவது வெட்டில் முதல் வெட்டைவிட அதிகம் விறகு கிடைக்க வேண்டும். குறைந்தால் தோட்டத்தை மூடிவிடுவார்கள், நான் பழையபடி புல்லுக்கே போக வேண்டும்.

மேனேஜர் சென்னைக்காரர். ஷூவில் மண் பட்டால் முகத்தைச் சுளிக்கிற ஆளைத் தோட்டத்துக்கு மேனேஜராகப் போட்ட புண்ணியவான் யாரோ! குளிர் தொடங்கி இலை உதிர ஆரம்பித்ததும் வந்து நின்றார்.

"என்னப்பா இது, சைட்டா குப்பைமேடா?"

"சார், அது குப்பையில்ல. மரம் மண்ணுலருந்து எடுத்தத திருப்பிக் குடுக்கு. கட்டைய நாம கொண்டு போயிருதோம். இலையையும் வாரிட்டுப் போனா மண்ணுல என்ன சார் மிஞ்சும்?"

"அதான் தண்ணியிலயே சத்து இருக்கே."

"இது சரளை மண்ணு சார். விட்ட தண்ணி நிக்காது, சத்தோட கீழ போயிரும். இலை மக்கிக் கெடந்தாத்தான் பிடிச்சு வைக்கும்."

"லெக்சர் வேணாம். விசிட்டர்ஸ் வராங்க. யல்லா, க்ளீன் பண்ணு."

இந்த ஊரில் எவன் வந்தாலும் முதலில் விளக்குமாறுதான் வரும். கேம்ப்பில் கக்கூஸ் அடைத்துக்கொண்டு நாறும், அதைப் பார்க்க நாதியிருக்காது. ஆனால் பெரிய ஆள் வருகிறார் என்றால் வாசலை மட்டும் பளபளவென்று கழுவிவிடுவார்கள். அதே புத்தியைக் கொண்டுவந்து மரத்தடியிலும் காட்டினார்கள். புளோயர் வைத்து ஊதி, சாக்கில் அள்ளி, இலையெல்லாம் லாரியில் குப்பைக்குப் போனது. அதே லாரியில் திரும்பி வந்ததோ உர மூட்டை! மேனேஜர் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

பம்ப் ஷெட்டுக்குப் பின்னால் மட்டும் ஒரு மூலை இருந்தது. அங்கே நாற்றம் அடிக்கும் என்று மேனேஜர் எட்டிப்பார்ப்பதில்லை. கூட்டுகிற ஆட்களிடம், "பாய், பம்ப்புக்குப் பின்னாடி மஃபி சஃபாய்", அங்கே கூட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேலை குறைந்தால் யாருக்குக் கசக்கும்? அங்கே இலை கிடந்து, நனைந்து, கறுத்து மக்கியது. கோடையில் மற்ற இடமெல்லாம் சோகை பிடித்துக் குச்சி குச்சியாக நின்றபோது, அந்த மூலையில் மட்டும் தண்டு மணிக்கட்டுப் பருமன் இருந்தது.

இரண்டாவது வெட்டு வந்தது. மொத்த எடை குறைந்துவிட்டது. பாய்லர் கம்பெனியிலிருந்து வந்த பெரியவர்களைக் கையோடு அந்த மூலைக்கு அழைத்துப் போனேன். வெட்டி அடுக்கியிருந்த கட்டையை ஒருவர் தூக்கிப் பார்த்து, இங்கே மட்டும் எப்படி என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "எங்கள் மாடல் பிளாட்" என்று முந்திக்கொண்டார் மேனேஜர். த்தூ! ஆனாலும் பொறுத்துக்கொண்டேன். பேர் அவருக்கே போகட்டும், மரம் பிழைத்தால் போதும்.

"அப்படியானால் இப்போது மூடவில்லை. அடுத்த வெட்டுக்குள் தோட்டம் முழுவதையும் ஒரே மாதிரி ஆக்கிக் காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கார் கேட்டைத் தாண்டியதும் மேனேஜர் காலடியைப் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை முறைத்தார்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்னு சொல்லிட்டுப் போறாங்க, கேட்டல்ல? ஃபுல் சைட்டும் நீட்டா இருக்கு, இங்க மட்டும் இப்படிப் போட்டு வெச்சிருக்கியே, வெக்கமா இல்ல? இன்னிக்கே வாரிடு."

நான் கத்தினேன், கெஞ்சினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தானே நின்று புளோயரைப் போட வைத்தார். சாயங்காலத்துக்குள் சரளை வெள்ளையாகத் தெரிந்தது.

அடுத்த வெட்டில் தோட்டம் முழுவதும் ஒரே மாதிரிதான் இருந்தது. மூடிவிட்டார்கள்.