மேல் அலமாரிக்குக் கீழே நாலு பிளக்

அவர் முதல்முறை எங்கள் கடைக்கு வந்தபோது நான் அவரிடம் ஒரு வார்த்தைகூட நேராகப் பேசவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

தி.நகரில், கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள சந்தில் எங்கள் கடை. வீடுகளுக்குச் சமையலறை அமைத்துத் தருகிறோம். அளவெடுத்து வரைபடம் போடுவது என் வேலை. அடுப்பு எங்கே, சிங்க் எங்கே, மேல் அலமாரி எவ்வளவு உயரம், பிளக் எங்கே என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பேன். பத்து வருடங்களுக்கு மேலாக அதையே செய்துகொண்டிருந்ததில் கை தானாக வரைந்தது. மனசு வேறெங்கோ இருக்கும். அந்தச் சமயத்தில் வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் தம்பியுடன் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட. பருத்திப் புடவை, தோளில் ஆபீஸ் பை, கையில் மடித்து வைத்த வெள்ளைக் கோல். பார்வை இல்லாதவர் என்று தெரிந்ததும் நான் தம்பி பக்கம் திரும்பிவிட்டேன்.

"அக்காவுக்கு என்ன கலர் புடிக்கும் சார்?" என்று கேட்டேன்.

தம்பி வாயைத் திறப்பதற்குள் அவரே பதில் சொன்னார். "கலர் எதுவா இருந்தாலும் பரவால்ல. பிளக் எங்க வருதுன்னு மட்டும் சொல்லுங்க."

"அதெல்லாம் ஸ்டாண்டர்டா வந்துடும் சார்," என்றேன். அப்போதும் தம்பியிடம்தான்.

மந்தைவெளியில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் அவருடைய ஃபிளாட். இரண்டாவது மாடி. தனியாக இருக்கிறார். வங்கியில் வேலை. திரையில் இருப்பதைப் படித்துக்காட்டும் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஆபீஸில் எல்லோரையும்போலத்தான் வேலை பார்க்கிறார். சமையல் அவரே. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அளவெடுக்கப் போனபோதும் நான் கேட்கவில்லை. வேலை முடிந்தது, படம் பிடித்தோம், சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம்.

பதினைந்து நாள் கழித்து என் செல்லுக்கு அவர் கூப்பிட்டார்.

"உங்க வேலைல குறை சொல்லக் கூப்பிடல. கிச்சன் அழகா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா ஒரு தடவ வந்து நான் டீ போடறதப் பாக்கணும் நீங்க."

கடைக்குக் கூப்பிட்டு முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எனக்கு நல்ல திட்டு கிடைத்திருக்கும். அவர் என்னைக் கூப்பிட்டார். அந்த ஒன்றுக்காகவே நான் இன்றுவரை அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை காலை போனேன். அவர் சமையல் மேடைக்கு முன்னால் நின்று கெட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்தார். பிறகு வலது கையைக் கெட்டிலுக்குப் பின்னால் நீட்டிச் சுவரைத் தடவினார். நான் பிளக்குகளை எப்போதும் போடுகிற இடத்தில்தான் போட்டிருந்தேன், மேடைக்கு ஒரு சாண் மேலே, டைல்ஸ் நடுவில். அவர் கை முதலில் உப்பு ஜாடியில் இடித்தது. பிறகு எண்ணெய்த் தூக்கில். அதற்கப்புறம் சுவிட்ச் கிடைத்தது. போட்டார். தண்ணீர் கொதித்ததும் அணைக்க வேண்டும். அதே கை, ஆவி வருகிற கெட்டிலைத் தாண்டித்தான் மறுபடியும் போயாக வேண்டும்.

அவர் புடவைத் தலைப்பை விலக்கி முன்கையைக் காட்டினார். மணிக்கட்டுக்கு மேலே இரண்டு இடத்தில் தோல் சிவந்து உரிந்திருந்தது.

"நான் கேட்டிருக்கணும்," என்று மட்டும் சொன்னேன்.

"இப்ப கேளுங்க," என்றார்.

கேட்டேன். அன்றைக்குத்தான் அவருடன் முதல்முறையாகப் பேசினேன். அவர் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார். மேல் அலமாரியின் அடிப்பலகையைக் கையால் தடவிக் காட்டினார். "எனக்கு இந்த விளிம்பு எப்பவும் தெரியும். தலை இடிக்கக் கூடாதுன்னு முதல் நாளே கை பழகிடுச்சு. இதுக்கு அடியில பிளக் வந்தா நான் எதையும் தாண்டிப் போக வேணாம். ஈரமும் படாது. மேடையும் காலியா இருக்கும். முடியுமா?"

முடியும் என்றுதான் நினைத்தேன். அடுப்புக்கு நேர்மேலே வராமல், மிக்ஸியும் கெட்டிலும் வைக்கிற பக்கம் மட்டும் போட்டால் போதும். திங்கட்கிழமை முதலாளியிடம் வரைந்து காட்டினேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால், "கேட்டலாக்ல இல்லாதத நாம செய்யறதில்லம்மா. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்றார். என் விடுமுறை நாளில், என் பொறுப்பில் செய்துகொள்கிறேன் என்றேன். வரைபடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எலக்ட்ரீஷியன் நல்ல ஆளா வெச்சுக்கோ," என்றார். அதுவே பெரிய சம்மதம்.

நல்ல ஆள் திருவல்லிக்கேணியில் இருந்தார். கடை வேலைக்கு எப்போதாவது வருகிறவர். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை மந்தைவெளிக்கு வந்து, அலமாரிக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"இன்னா மேடம், பிளக்க தலகீழா மாட்டச் சொல்றீங்க? இருவது வருசமா வேல பாத்துகினு கீறேன், இப்டி ஒண்ணு மாட்னதில்ல."

"முடியாதா பாய்?"

"முடியாதுன்னு எங்க சொன்னேன்? மாட்னதில்லன்னேன்." பிறகு அவரைப் பார்த்து, "அக்கா, மொதல்ல ஒரு டிரிப்பர் போட்ருவோம். எங்கனா கரன்ட் லீக்காச்சுன்னா அதுவே கட்டாய்டும். அப்பால மத்தது பேசலாம்," என்றார்.

முதலில் செய்தது நேராகக் கீழே பார்க்கிற மாதிரி. அடிப்பலகையில் பிளக் பெட்டியைப் பதித்தால் துளைகள் தரையைப் பார்த்து இருக்கும். என் வரைபடத்தில் அது மிகவும் அழகாக இருந்தது. கீழே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. பாய் இரண்டு பிளக் மட்டும் மாட்டி, மெயினைப் போட்டார். அக்கா மிக்ஸி ஒயரைச் செருகித் தேங்காய்ச் சட்னி அரைத்தார். மிக்ஸி அதிர்ந்தது. ஒயர் ஆடியது. ஒயர் முனையில் இருந்த பிளக் மெல்ல மெல்ல நழுவி, பக்கத்தில் திறந்திருந்த தோசை மாவுப் பாத்திரத்தில் தொப்பென்று விழுந்தது.

மிக்ஸி நின்றுபோனது.

"எதுல விழுந்துச்சு?" என்று அவர் கேட்டார்.

"மாவுலக்கா," என்றார் பாய்.

"நாலு பேருக்கு ஊத்தலாம்னு வெச்சிருந்தேன்," என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். பாயும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பாய் மெயினை அணைத்துவிட்டு, பிளக்கைக் கழுவித் துடைத்துக்கொண்டே, "மேடம், படத்துல வெயிட்டு கெடையாது. ஒயருக்கு வெயிட்டு கீது," என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் ஸ்வீட் பெட்டி அட்டைகளை எடுத்துக்கொண்டு போனேன். சுவரும் அடிப்பலகையும் சேருகிற மூலையில் சாய்வாக ஒரு நீளப் பெட்டி வந்தால் எப்படி இருக்கும் என்று வெட்டி, டேப் போட்டு ஒட்டினோம். அதன் முகம் பாதி கீழேயும் பாதி நம்மைப் பார்த்தும் இருக்கும். கையை அலமாரிக்கு அடியில் விட்டு மேல்நோக்கித் தள்ளினால் பிளக் ஏறும். ஒயரின் கனம் அதை நேராக உருவாது. அவர் அட்டையில் கையை ஓட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் படுக்க வைங்க, இன்னும் கொஞ்சம் நிமிர்த்துங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான்காவது அட்டையில் "இது" என்றார்.

அன்றைக்கு நான் ஒரு முட்டாள்தனம் செய்யப் பார்த்தேன். என் துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு நானும் ஒருமுறை செருகிப் பார்க்கிறேன் என்றேன்.

"வேணாம்," என்றார். "கண்ணக் கட்டினா உங்களுக்குப் பயம்தான் வரும். எனக்கு அந்தப் பயம் கெடையாது. அத வெச்சு நீங்க என்ன தெரிஞ்சுக்கப் போறீங்க? நான் செய்யறதப் பாருங்க, அது போதும்."

பார்த்தேன். அவர் கை எதையும் தேடவில்லை. முதலில் விளிம்பைத் தொடும், அதையே பிடித்துக்கொண்டு நகரும், சரியான இடத்தில் உள்ளே போகும். ஒவ்வொரு முறையும் அதே வழி. அதனால் சுவிட்சுகளை மட்டும் பிளக்குகளிலிருந்து பிரித்து, முன் விளிம்புக்கு உள்பக்கமாக வைத்தோம். பிளக் ஒருமுறை செருகினால் கிடக்கும். சுவிட்ச்தான் அடிக்கடி வேண்டும்.

அதில் ஒரு சிக்கல் வந்தது. சுவரில் இருக்கிற சுவிட்ச் என்றால் கீழே தட்டினால் எரியும் என்பது எல்லோர் கைக்கும் தெரியும். பலகைக்கு அடியில் அது படுத்துக் கிடக்கும்போது கீழேயும் இல்லை, மேலேயும் இல்லை. எந்தப் பக்கம் போட்டால் ஆன்?

"நம்ம பக்கம் இழுத்தா ஆஃப், அந்தாண்ட தள்ளுனா ஆன். ஈஸிதானே?" என்றார் பாய்.

அக்கா விளிம்பில் விரலை வைத்து முன்னும் பின்னுமாக அசைத்துப் பார்த்தார். "இல்ல பாய். திருப்பிப் போடுங்க. இழுத்தா ஆன், தள்ளினா ஆஃப். ஏதாவது தப்பா சத்தம் கேட்டா, கருகின வாசன வந்தா, அவசரத்துல கை தள்ளத்தான் செய்யும். தள்ளினா அணையணும்."

பாய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துச் சுவிட்சைத் திருப்பி மாட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "இத யாரும் எனக்கு சொல்லித் தர்ல மேடம்," என்றார். எனக்கும்தான் யாரும் சொல்லித் தந்ததில்லை. இத்தனை வருடங்களில் நான் எத்தனையோ சுவிட்சுகளை வரைந்திருக்கிறேன். பயந்த கை எந்தப் பக்கம் போகும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

மூன்றாவது ஞாயிறு வேலை முடிந்தது. மொத்தம் நான்கு பிளக். எந்த சுவிட்ச் எதற்கு என்று தெரிய அடையாளம் வேண்டும். ஸ்டிக்கர் பொட்டு ஒட்டலாம் என்றேன். எண்ணெய்ப் பிசுக்கில் ஒரு வாரம்கூட நிற்காது என்றார் அக்கா. ஆணி அடிக்கலாமா என்றேன். "கரன்ட் பக்கத்துல இரும்பு வேணாம் மேடம்," என்று பாய் தடுத்துவிட்டார். கடைசியில் அக்கா தையல் டப்பாவைக் கொண்டுவந்தார். பழைய சட்டைப் பொத்தான்கள். விளிம்பில் முதல் சுவிட்சுக்கு நேரே ஒரு பொத்தான், இரண்டாவதற்கு இரண்டு, இப்படியே நான்கு வரை பசை வைத்து ஒட்டினோம். பத்துப் பொத்தான்களும் ஒரே அளவாகக் கிடைக்கவில்லை. அது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. எனக்குத்தான் கொஞ்சம் உறுத்தியது.

பாய் கருவிகளை எடுத்துப் பையில் போட்டபோது, "சாப்பிட்டுட்டுத்தான் போகணும் ரெண்டு பேரும்," என்றார் அக்கா. நான் உதவி செய்ய எழுந்தேன். உட்காருங்க என்றுவிட்டார். கூடத்தில் உட்கார்ந்தபடியே சமையலறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிக்ஸி ஓடியது, நின்றது. அவர் விரல் பொத்தான்களை எண்ணியது. மூன்றாவது சுவிட்சை இழுத்தார், கரன்ட் குக்கரில் சாதம் வைத்தார். ஒரு இடத்திலும் கை தயங்கவில்லை. முருங்கைக்காய் சாம்பார், கோஸ் பொரியல், அப்பளம். நான் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் எந்நேரமும் நின்றுகொண்டே சாப்பிடுகிறவள். அன்றைக்கு உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டாவது முறை சாதம் போடும்போது கண் கலங்கிவிட்டது. அப்பளத்தை நொறுக்குகிற சாக்கில் குனிந்துகொண்டேன். பாய் பார்த்தும் பார்க்காததுபோல, "சாம்பார் சூப்பர்க்கா," என்றார்.

கண் கலங்கியது அவருக்காக இல்லை. அவர் நன்றாகத்தான் இருந்தார். நான் வரைந்த ஒன்று ஒருவர் கைக்குச் சரியாகப் பொருந்துவதை இத்தனை வருடங்களில் முதல்முறையாகப் பார்த்தேன். அதற்காகத்தான்.

வேலையை நான் விடவில்லை. அடையாறில் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போனபோது, தோள்பட்டை வலியால் கையை நீட்ட முடியாத ஒரு அம்மாவிடம் செல்லில் இந்தச் சாய்வுப் பெட்டியின் படத்தைக் காட்டினேன். அவர் தனக்கும் அதேபோல் வேண்டும் என்றார். முதலாளியிடம் போய்ச் சொன்னேன். வரைபடத்தை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு நாள் கழித்து, "அந்தச் சாய்வு எத்தன டிகிரி?" என்று கேட்டார். அதன் பிறகு கேட்கிறவர்களுக்கெல்லாம் போடுகிறோம். பாய்தான் மாட்டுகிறார். சுவிட்சை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று வீட்டுக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, "இது எங்க அக்கா சொன்னது," என்று சேர்த்துச் சொல்வார். நான் யாரிடம் பேசினாலும், சமைக்கிறவர் யாரோ அவர் முகத்தைப் பார்த்துத்தான் இப்போது கேள்வி கேட்கிறேன்.

போன வாரம் மந்தைவெளி அக்கா கூப்பிட்டார். ஆபீஸில் கூட வேலை பார்க்கிறவர்கள் சேர்ந்து அவருக்கு எண்ணெய் இல்லாமல் பொரிக்கிற மெஷின் ஒன்று வாங்கித் தந்திருக்கிறார்களாம்.

"நாலு பத்தல. அஞ்சாவது ஒண்ணு போட எடம் இருக்கா? நான் தடவிப் பாத்தேன், சிங்க் பக்கம் ஒரு சாண் கெடக்குது."

"சிங்க் பக்கம் வேணாம்க்கா, தண்ணி தெறிக்கும். வந்து பாத்துட்டு சொல்றேன்."

"எப்ப வரீங்க?"

"ஞாயித்துக்கிழம. பாயையும் கூட்டிட்டு வரேன்."

"அப்ப மாவு அரைச்சு வெக்கிறேன்," என்றார். பிறகு, "மூடி போட்டு," என்றார்.