நரி முகத்தில் முழித்த வருஷங்கள்

போன சனிக்கிழமை எடிசன் ஓக் ட்ரீ ரோட்டுக்குக் கண்ணாடி வளையல் வாங்கப் போனேன். சிரிக்காதீர்கள். அறுபதை நெருங்குகிற ஆள், வளையல் கடையில் கல்யாணப் பெண்களுக்கு நடுவே தனியாக நின்றால் வேடிக்கையாகத்தான் இருக்கும். மகளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு செய்து பார்க்க அவள் அம்மா இல்லை, அதனால் அந்த வேலையும் என் தலையில். கடைப் பெண் "சைஸ் என்ன அங்கிள்?" என்றாள். யோசிக்காமல் "டூ ஃபோர்" என்றேன். அவள் ஒரு டஜனை எடுத்து என் முகத்துக்கு நேரே குலுக்கிக் காட்டினாள். கலகலவென்று அந்தச் சத்தம் வந்ததும் உதட்டில் விரலை வைத்து 'உஷ்' என்றுவிட்டேன். பாவம், அந்தப் பெண் பயந்துபோய் வளையலைக் கீழே வைத்துவிட்டாள். அவளிடம் என்னத்தைச் சொல்ல? உங்களிடம் சொல்கிறேன்.

நான் படித்தது நாமக்கல்லில், கால்நடை மருத்துவம். மனைவி பூங்கொடி நர்ஸ். அவளுக்கு நியூஜெர்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, கிரீன் கார்டும் வந்தது. நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினேன். ஊரில் டாக்டர் என்று அழைக்கப்பட்டவன், இங்கே ஒரு நாய்க்கு ஊசி போடுவதற்குக்கூட மறுபடி பரீட்சை எழுத வேண்டும் என்றார்கள். எழுதினேன், தேறவில்லை. அது தனிக் கதை. கடைசியில், தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், மலைச்சரிவில் இருந்த ஒரு நரிப் பண்ணையில் சேர்ந்தேன்.

ஆமாம், நரிதான். தோலுக்காக வளர்க்கிற நரி. உடம்பெல்லாம் கறுப்பு, அதன்மேல் வெள்ளி மயிர் தூவினாற்போல் இருக்கும். பணக்காரப் பெண்மணிகளின் கோட்டாக மாறுவதற்கென்றே பிறந்த ஜாதி. அவற்றுக்குத் தீனி போடுவதும், ஜோடி சேர்ப்பதும், குட்டி போட வைப்பதும் என் வேலை. எடிசன் நண்பர்களுக்கு இது போதாதா? "என்னா நரி டாக்டர், டெய்லி நரி முகத்துலதான் முழிக்கிறீங்க, இன்னும் லாட்டரி விழலையா?" என்பார்கள். ஊரில் அதிர்ஷ்டத்துக்காகக் குறவர்களிடம் நரிக்கொம்பு கேட்பதுபோல, என்னிடமும் நரிக்கொம்பு கேட்ட சாஃப்ட்வேர் இன்ஜினீயர்கள் உண்டு. நானும் சிரித்துக்கொள்வேன்.

நாமக்கல்லில் கோழியைப் பிழைக்க வைக்கப் படித்தேன். இங்கே கோழித் தலையையும் காலையும் மெஷினில் அரைத்தேன். அதோடு மீன் கழிவு, மாட்டுக் குடல், வெந்த கோதுமை எல்லாம் சேர்த்துப் பிசைந்தால் புளிக்காத தோசை மாவு பதத்தில் ஒரு கூழ். அதைக் கரண்டியால் ஒவ்வொரு கூண்டிலும் வைக்க வேண்டும். மார்கழியில் பெட்டை நரிகளை மெலிய வைக்க வேண்டும், கொழுத்தால் சினை பிடிக்காது. தை, மாசியில் ஒவ்வொன்றையும் தினமும் தூக்கிப் பார்க்க வேண்டும். வருஷத்துக்கு ஒரே முறைதான் பருவத்துக்கு வரும், அதுவும் இரண்டு மூன்று நாள். விட்டால் அந்த வருஷம் போச்சு.

அந்த வாடை இருக்கிறதே, அப்பப்பா! அரைத்த மீனும் நரி மூத்திரமும் கலந்த வாடை, தோலுக்குள் இறங்கிவிடும். நான் ஏறினால் நண்பர்கள் பனிக்காலத்திலும் கார் கண்ணாடியை இறக்குவார்கள். பூங்கொடி மட்டும் மூக்கைப் பொத்த மாட்டாள். ஆஸ்பத்திரியில் பார்க்காத நாற்றமா? "ஏனுங்க, துணிய பால்கனியிலயே கழட்டிப் போட்டுட்டு வாங்க. அப்பறம் உங்களக் கொஞ்சறேன்" என்பாள்.

லீவு நாட்களில் என்னோடு பண்ணைக்கு வருவாள். பண்ணை முதலாளி ராய் என்கிற கிழவர், பெண்டாட்டியை இழந்தவர், அவளைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவார். கடைசி வரிசையில் ஒரு இளம் பெட்டை இருந்தது. தலைச்சன் சினை. மற்ற நரிகள் ஆளைக் கண்டால் பெட்டிக்குள் பதுங்கும். அது மட்டும் கம்பி ஓரம் வந்து நிற்கும். பூங்கொடி அதற்குக் 'கண்ணு' என்று பெயர் வைத்தாள். பெயர் என்ன பெயர், எங்கள் கொங்கு நாட்டில் பால்காரப் பையனிலிருந்து பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி வரை எல்லாரும் கண்ணுதான். வீட்டிலிருந்து முட்டை அவித்துக்கொண்டு வந்து, "தின்னு கண்ணு, ரெண்டு உசுருக்குத் திங்கோணுமல்லோ" என்று கம்பிக்குள் நீட்டுவாள். அப்போது இவளும் மாசமாக இருந்தாள். கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் கழித்து, கும்பிடாத சாமியில்லை என்று ஆன பிறகு தங்கியது.

பங்குனி, சித்திரை நரிகள் குட்டி போடும் காலம். அந்த வாரங்களில் பண்ணையில் ஒரு சட்டம் உண்டு. சத்தம் கூடாது. வாசல் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், புது ஆள் வரக்கூடாது. வாளியைக்கூட துணி சுற்றித்தான் தூக்குவோம். இருமல் வந்தால் வெளியே ஓட வேண்டும். குட்டி போட்ட நரி பழக்கமில்லாத சத்தத்தைக் கேட்டால், குட்டிகளை யாரோ தூக்க வந்துவிட்டார்கள் என்று நினைக்கும். வாயில் கவ்விக்கொண்டு ஒளிக்க இடம் தேடும். கம்பிக் கூண்டுக்குள் எங்கே போய் ஒளிக்கும்? தேடித் தேடிக் கடைசியில் அதுவே கடித்துவிடும். தின்றும்விடும். கொடூரம் என்று சொல்லாதீர்கள். பயத்தில் செய்வதுதான்.

அந்தக் காலத்தில்தான் பூங்கொடிக்கு ஏழாம் மாதம் வந்தது. எங்கள் பக்கம் கட்டுச்சோறு போடுவோம், கை நிறைய வளையல் பூட்டுவோம். ஊரிலிருந்து யாரும் வர முடியவில்லை. மாடி வீட்டு சாந்தி அக்கா, மெட்ராஸ்காரர், "நான் எதுக்கு இருக்கேன்?" என்று இழுத்துப் போட்டுச் செய்தார். நான் போக முடியவில்லை. அந்த வாரம் பண்ணையை விட்டு நகர வழியில்லை. கண்ணு வேறு அப்போதுதான் நான்கு குட்டி போட்டிருந்தது. முந்தின நாள் போனில் சொன்னபோது, "எனக்கு முந்திக்கிச்சே, கெட்டிக்காரி!" என்று பூங்கொடி சிரித்தாள்.

புருஷன் சாப்பிடாத கட்டுச்சோறு என்ன கட்டுச்சோறு என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. புளிச்சோறும் தயிர்ச்சோறும் தூக்குப்போசியில் போட்டுக்கொண்டு, சாந்தி அக்காவை "கொஞ்சம் டிரைவ் பண்றீங்களாக்கா" என்று கெஞ்சி, பட்டுப் புடவைக்கு மேல் என் பழைய பனிக்கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சட்டம் அவளுக்கும் தெரியும். ஆனால் அது புது ஆளுக்குத்தானே, நான் பழகினவள், கண்ணுவுக்கு என்னைத் தெரியும் என்று நினைத்தாள். கேட்டருகில் நின்றிருந்த ராயும் அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே விட்டார். கோட்டுக் கைக்குள் இரண்டு கை நிறைய வளையல் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

நான் அரவை மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தபோது, அவள் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். முட்டை நீட்டுவதற்காகக் கோட்டுக் கையை முழங்கை வரை ஏற்றிவிட்டிருந்தாள். கண்ணு கூண்டுக்குள் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. வாயில் ஒரு குட்டி. பூங்கொடியின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். என்னைப் பார்த்ததும் மெதுவாகத்தான் பேசினாள். "ஏனுங்க, இங்க வாங்க. புள்ளையத் தூக்கிட்டு வந்து எனக்குக் காட்டுதுங்க!"

நான் கத்த முடியாது. கத்தினால் அந்த வரிசைக் குட்டிகள் முழுக்கப் போய்விடும். கையை ஆட்டி 'வந்துவிடு, வந்துவிடு' என்று காட்டினேன். அவள் நான் வாழ்த்துகிறேன் என்று நினைத்து, இரண்டு கையையும் தூக்கி எனக்கு வளையலைக் குலுக்கிக் காட்டினாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுதப் போவதில்லை. நான் அங்கே ஓடிச் சேர்வதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கையையும் புடவைக்குள் சுருட்டி, வயிற்றோடு அழுத்திக்கொண்டு நின்றாள். அழவில்லை. "என்னையத்தானுங்களா பயப்படுது?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று சாயங்காலமே தேங்காய் எண்ணெய் தடவி வளையலை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். சாந்தி அக்கா பதறிவிட்டார். "என்னடி இது, டெலிவரிக்கு அப்புறந்தான் கழட்டணும், அபசகுனம்டி!" பூங்கொடி தலையைத் தூக்கவே இல்லை. "உள்ள இருக்கறது பயந்துக்கும்ங்க்கா" என்றாள். வளையல் சத்தம் கேட்டால் வயிற்றுக் குழந்தைக்குச் சந்தோஷம் என்று நாமெல்லாம் சொல்வோம் இல்லையா? நர்ஸ்தான், படித்தவள்தான். எத்தனை எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை.

குட்டியைத் தின்ற நரியை வைத்துக்கொள்ளும் வழக்கம் எந்தப் பண்ணையிலும் கிடையாது. குளிர் வந்ததும் தோலுக்குப் போய்விடும். பூங்கொடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது பேர்ல தப்பில்லீங்க. நான் பண்ணுனதுக்கு அது சாகக் கூடாதுங்க." நான் ராயிடம் போய் நின்றேன். கிழவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் இங்கிலீஷில் சொன்னது இதுதான்: "கேட்டைத் திறந்தது நான். இன்னொரு வருஷம் கொடுப்போம். அடுத்த தடவை நல்லா வளர்த்துட்டா அவ இங்கேயே இருக்கட்டும்." நான் அதை வந்து சொன்ன அன்று பூங்கொடி பல நாள் கழித்து வயிறு நிறையச் சாப்பிட்டாள். ஆனியில் மகள் பிறந்தாள். மயக்கம் தெளிந்து பூங்கொடி கேட்ட முதல் கேள்வி, "பாப்பா நல்லாருக்குதுங்களா?" இரண்டாவது, "கண்ணு நல்லாருக்குதுங்களா?"

நல்லாத்தான் இருந்தது. குளிருக்கு முடி அடர்ந்து, பார்க்கவே கண் கூசும் அழகாக இருந்தது. அதுதானே வினை. கார்த்திகையில் ராய் எங்களைக் கூப்பிட்டுப் பண்ணையை மூடுவதாகச் சொன்னார். கோட்டு போடுகிறவர்கள் குறைந்துபோனார்கள், தீனிச் செலவுக்கே கட்டுப்படியாகவில்லை. நன்றாகக் குட்டி வளர்த்த நரிகளை மட்டும் எங்கோ தொலைவில் ஒரு பண்ணை எடுத்துக்கொள்ளும். மற்றதெல்லாம் தோலுக்கு. "கண்ணுவை அவங்க எடுக்க மாட்டேன்னுட்டாங்க" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நானும் தெரிந்த இடத்திலெல்லாம் கேட்டுப் பார்த்தேன். எல்லாரும் கைவிரித்தார்கள். எடிசன் அபார்ட்மென்ட்டில் நரி வளர்க்க எந்தச் சட்டம் விடும்?

"காட்டுல தொறந்து உட்டுடுங்க" என்றாள் பூங்கொடி. மடியில் குழந்தை. அதற்கு இரை தேடத் தெரியாது, பிறந்ததிலிருந்து கம்பி வலைமேல் நின்றது, மண்ணில் கால் வைத்ததே இல்லை என்றேன். "ஒருக்காக்கூட மண்ணு மிதிக்கலீங்களா?" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தவள்தான். சித்திரையில் அழாததையும் சேர்த்து அழுதாள்.

தோலுரிப்பதற்கு முந்தின நாள் தீனி போடுவதில்லை. அது முறை. பூங்கொடி ஒரு முட்டை அவித்து, துணியில் சுற்றி, சூடாக என் கோட்டுப் பையில் வைத்து அனுப்பினாள். யாரும் பார்க்காதபோது கண்ணுவிடம் நீட்டினேன். அது வாங்கியது. தின்னவில்லை. ஓட்டில் பல் பதியாமல் பூப்போலக் கவ்விக்கொண்டு, காலியாகக் கிடந்த குட்டிப் பெட்டிக்குள் கொண்டுபோய் வைத்து, அதைச் சுற்றிச் சுருண்டு படுத்துக்கொண்டது. நரிகள் மிஞ்சின இரையை ஒளித்து வைக்கும், நான் படித்திருக்கிறேன். படித்து என்ன பிரயோஜனம், அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்குப் போனதும், "தின்னுச்சுங்களா?" என்றாள். "தின்னுச்சு புள்ள" என்றேன்.

பிறகு நானும் எல்லாரையும் போல ஒய்டூகே புண்ணியத்தில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, மன்ஹாட்டன் ரயிலில் தொங்குகிற கூட்டத்தில் ஒருவன் ஆனேன். நரி டாக்டர் என்று கூப்பிட்டவர்களெல்லாம் கலிஃபோர்னியா, டெக்சஸ் என்று போய்விட்டார்கள். ராயும் போய்ச் சேர்ந்தார். பண்ணை இருந்த சரிவில் இன்று வரிசையாக வீடுகள். பூங்கொடி மட்டும் அப்புறம் ஒரு கண்ணாடி வளையல்கூடப் போடவில்லை. தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் கைக்கு ஒரே ஒரு தங்க வளையல், ஒற்றை வளையல் சத்தம் போடாது. கேட்டவர்களிடம் "நர்ஸ் வேலைங்க, போட விட மாட்டாங்க" என்பாள். மகள் கேட்டபோதும் அதையேதான் சொன்னாள்.

மூன்று வருஷத்துக்கு முன் பூங்கொடி போனாள். சுமங்கலியாகப் போனவளை வெறுங்கையாக அனுப்பக்கூடாது என்று பெண்கள் சொன்னார்கள். சாந்தி அக்கா என்னிடம் வந்து, "தம்பி, அவ கைக்கு என்ன சைஸ்?" என்றார். அத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவனுக்கு அது தெரியவில்லை. அவரே அளந்து பார்த்து, டூ ஃபோர் என்று யாரையோ ஓக் ட்ரீ ரோட்டுக்கு அனுப்பினார். அவள் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பச்சையும் சிவப்புமாகப் பூட்டினார்கள். கலகலவென்றது. நான் என்னை மறந்து, "மெதுவாங்க்கா, சத்தமில்லாமப் போடுங்க, பயந்துக்குவா" என்றேன். துக்கத்தில் புலம்புகிறேன் என்று என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

சனிக்கிழமை வளையல் பெட்டியோடு காரில் உட்கார்ந்து மகளுக்குப் போன் செய்தேன். "டூ ஃபோரா? அப்பா, தட்ஸ் டைனி! ஐ'ம் டூ எய்ட்" என்று சிரித்தாள். மறுபடி கடைக்குப் போய் அவளுக்குப் பெரிய வளையல் வாங்கினேன். சின்னதைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. இரண்டு பெட்டியையும் பக்கத்து சீட்டில் வைத்து, சால்வையால் சுற்றி, சீட் பெல்ட்டும் மாட்டி, ஊர்ந்து ஊர்ந்து ஓட்டிக்கொண்டு வந்தேன். பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்துத் தீர்த்துவிட்டான். அவனுக்கு என்ன தெரியும்? அந்த வளையல் சத்தத்துக்குப் பயந்த இரண்டு பேரும் இப்போது இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், வழியில் ஒவ்வொரு மேட்டிலும் ஒரு கையை அந்தப் பெட்டிகள்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டேதான் வீடு வந்து சேர்ந்தேன்.