தாத்தாவுக்கு இரண்டு கோடு

என் வாப்பா புத்தளத்து உப்பளத்தில் வேலை செய்தவர். குடலில் கட்டிகள் கொத்தாக வந்து, சத்திரசிகிச்சை செய்துதான் தப்பினார். பிள்ளைகளுக்கும் வரக்கூடிய வருத்தம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து என் தாத்தா நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்னவில்லை. எங்கள் முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் மூத்த சகோதரி. அவளுக்கு வயிறு லேசாக இரைந்தாலே போதும், எனக்குப் போன் வரும்.

"நீ லெப்புல தானே வேல செய்ற? எனக்கு இருக்கா இல்லையா எண்டு பாத்துச் சொல்லு புள்ள."

எங்கள் ஆய்வுகூடத்தில் பார்ப்பது பழைய முறைதான். இரத்தத்திலிருந்து இந்த வருத்தத்துக்குக் காரணமான மரபணுவை எடுத்து, குழாய்க்குள்ளேயே புரதம் செய்ய வைப்போம். அதை ஜெல்லில் ஓட்டினால் முழுப் புரதம் மேலே நிற்கும். குறைப் புரதம் கீழே இறங்கிவிடும். கற்பிட்டியில் ஏறியவர்களைப் புத்தளம் கொண்டுபோகாமல் பாலாவியிலேயே இறக்கிவிடுகிற பஸ் மாதிரி, பழுதான மரபணு புரதத்தைப் பாதி வழியில் விட்டுவிடும். ஆளுக்கு அந்த மரபணு இரண்டு; வருத்தம் உள்ளவருக்கு ஒன்று நல்லது, ஒன்று பழுது, அதனால் இரண்டு கோடு. இல்லாதவருக்கு மேலே ஒன்று மட்டும்.

சொந்தக்காரரின் இரத்தத்தை நாமே பார்க்கக்கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க வாப்பாவின் குழாயையும், அதோடு தாத்தாவின் குழாயையும் கூட வேலை செய்யும் சிங்களப் பெண்ணிடம் கொடுத்தேன். என்னைவிட மூத்தவர், என்னை நங்கி, அதாவது தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். தமிழ் அரைகுறை, மனசு முழுசு.

மூன்றாம் நாள் வந்து என் தோளைத் தொட்டார். "நங்கி, தாத்தாவுக்கு ரெண்டு கோடு."

வாப்பாவுக்கு என்ன என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். அல்லாஹ்வே, அவளுக்கு எந்த வாயால் இதைச் சொல்வேன்? அந்த நேரம் பார்த்து அவளே போனில் கூப்பிட்டாள். போனைத் துண்டித்தேன்.

கதவைத் தட்டினார் அந்தப் பெண். "ஏன் அழுறது? தாத்தாவுக்கு வருத்தம் முந்தியே தெரியும்தானே? அக்காவுக்கு ஒரு கோடு மட்டும். அக்கா நல்லம்!"

சிங்களத்தில் தாத்தா என்றால் தகப்பன். சிங்களம் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுகிறவள் நான்! பயத்தில் என் காதில் வீட்டுத் தாத்தா மட்டும்தான் விழுந்தாள். சரியான விசரி நான்! கதவைத் திறந்து அவரைக் கட்டிப்பிடித்தேன். டாக்டரும் ஜெல் படத்தைப் பார்த்து உறுதி சொன்ன பிறகுதான் போனை எடுத்தேன்.

"தாத்தா, ஒனக்கு ஒண்டும் இல்ல."

"மெய்யாவா?"

"ஓம், மெய்தான். முழுப் புரதம்."

அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். பிறகு சட்டென்று கேட்டாள். "அப்ப ஒனக்கு?"

அவர்கள் இருவருடைய இரத்தத்தையும் வாங்கிக் கொடுத்தவள், என்னுடையதை மட்டும் கொடுக்கவில்லை. பயம்தான், வேறென்ன? அது அவளுக்கு விளங்கிவிட்டது.

"இரு, நான் வாறன்."

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, நேரே லெப்புக்கு வந்தாள். கதிரையை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி எனக்கு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது அவள்.