புதுப் பாத்திரங்கள்

எழுபதுகளில் மெல்பர்னில் இருந்தோம். இத்தாலிப் பயணத்துக்காக ரோமிலும் வெனிஸிலும் ஓட்டல்களைத் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு இத்தாலிக்காரி மரியா, "எங்கள் கிராமத்தில் அம்மாவோடு இரண்டு நாள் தங்குங்கள். நான் அவளைப் பார்த்துப் பதினெட்டு வருடமாகிறது" என்றாள்.

"கறி சமைக்கிற பாத்திரத்துல எப்படிச் சாப்பிடறது?" என்றேன் மனைவியிடம்.

"இத்தாலியிலயும் உங்களுக்குத் தயிர்சாதம்தானா?" என்று சிரித்தாள்.

மரியாவிடம் நேரமில்லை என்று சொல்லிவிட்டேன்.

திரும்பி வந்தபோது மரியா கறுப்பு உடையில் இருந்தாள். நாங்கள் வெனிஸில் இருந்த வாரம் அவளுடைய அம்மா இறந்திருந்தார். நாங்கள் வரமாட்டோம் என்று தெரியாமல் அவர் எழுதிய கடைசிக் கடிதத்தை வாசித்துக் காட்டினாள்: "நீ எழுதியபடி, மாமிசம் படாத புதுப் பாத்திரங்கள் வாங்கிவிட்டேன். உனக்குத் தலை நரைத்துவிட்டதா என்று அவர்களிடம் கேட்க வேண்டும்."

மரியாவுக்கு நெற்றியோரம் நரைத்திருந்தது. நான்கு வருடம் பக்கத்தில் வாழ்ந்தும் அன்றுதான் அதைப் பார்த்தேன்.