கடல் பார்க்காத லாரி

மீன் ஏற்றும் என் பழைய வேனுக்கு வேறு கியர்பாக்ஸும் ஸ்பிரிங் பட்டைகளும் மாற்றத் திட்டமிட்டிருந்தேன். பரமக்குடி வியாபாரி ஒருவர் அவற்றைக் கழற்றிக்கொள்ளச் சொல்லி, தான் பட்டாள ஏலத்தில் எடுத்து ஓட்டி, இப்போது ஓட்டம் நின்ற லாரியைக் காட்டினார்.

“கடக்கரைப் பக்கமே போகாத வண்டி தம்பி. தறித்துணி மட்டுந்தான் ஏத்துனோம்.”

நான் கேட்காமலே கடலை எதற்கு இழுக்கிறார்? பட்டைகளில் கிரீஸை வேறு தாராளமாக அப்பியிருந்தார். வழித்துப் பார்த்தேன். வெள்ளையாக ஓடுகள் தெரிந்தன.

“காளவாசலுக்குச் சுண்ணாம்புக் கிளிஞ்சல் ஏத்துனப்ப விழுந்திருக்கும்,” என்றார்.

துணி அதற்குள் கிளிஞ்சலாகிவிட்டது!

நகத்தால் நெம்பினேன், அசையவில்லை. கிளிஞ்சல் இல்லை, கொட்டலசு. கடலிலேயே கிடக்கும் வள்ளத்தின் அடியில் ஒட்டி வளருமே, நாங்கள் சுரண்டிச் சுரண்டிச் சலித்துப்போகும் அதே கொட்டலசு.

“ஏண்ணே, இதை ரோட்டுல ஓட்டுனீகளா, இல்ல வலை போட்டுப் பிடிச்சீகளா?” என்றேன்.